தகுந்த மடக்குக்கத்தி ஒன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாய் கடையில் இருந்தவர்கள் அப்பா, சித்தப்பா, எங்கள் வீட்டுக்குக் கீழே முடிவெட்டும் கடை வைத்திருந்த அண்ணன், கடைக்காரர் பாய், பிறகு நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அம்மா. அவள் கடைக்கு வராமலே பாதி விஷயத்தை முடிவு செய்திருந்தாள். சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாது, செவ்வாயும் வெள்ளியும் பணம் வெளியே போகக்கூடாது, ஆகவே ஞாயிறு. வாங்கி வந்ததும் முதலில் எலுமிச்சம்பழம்தான் நறுக்க வேண்டும். மற்றது உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

இல்லாத இன்னொருவர் எங்கள் மாடியில் முன்னறையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க். எங்களுக்குத் தெரிந்த மனிதர்களில் அலுவலகம் என்பதன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். மகளின் பிரசவத்துக்காகச் சிரம்பானுக்குப் போயிருந்தார். அவர் மட்டும் ஊரில் இருந்திருந்தால் இதை நான் எழுதவேண்டியே வந்திருக்காது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பள்ளி இறுதித் தேர்வில் தேறி ஏழு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு இடங்களுக்கு மனுப் போட்டேன். பதினான்காவது இடத்திலிருந்து பதில் வந்தது. ஒரு வரைபட அலுவலகத்தில் டிரேசர் வேலை, அதாவது பெரியவர்கள் வரைந்த படத்தின்மேல் மெல்லிய துணித்தாளை விரித்து அப்படியே நகல் எடுக்கும் வேலை. ஓர் இடம், ஆறு பேரைப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இது கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் தேதி துறைமுகத்துக் கிட்டங்கியில் அப்பாவின் கூட்டத்தோடு மூட்டை தூக்கப் போகவேண்டும் என்று பேசி முடிவாகியிருந்தது. மேஸ்திரி எனக்கு ஒரு மூட்டைக் கொக்கிகூட எடுத்து வைத்திருந்தார். அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் நேரே அதுதான் தெரியும்.

கடிதம் ஆங்கிலத்தில் நான்கே வரி. நாள், நேரம், இடம். தாளும் பென்சிலும் அலுவலகம் தரும். வருகிறவர் தகுந்த மடக்குக்கத்தி ஒன்று தம்முடன் கொண்டுவரவேண்டும்.

நான் அதை உரக்க மொழிபெயர்த்தேன். அப்பா கேட்டார்: "எதுக்குத் தகுந்த?"

அது கடிதத்தில் இல்லை என்றேன்.

"அதுல இல்லன்னா என்ன? நீ பதினோரு வருஷம் படிச்சிருக்கியே."

பென்சில் சீவத்தான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பலரும் பின்னால் கேட்டார்கள். தோன்றியது. ஆனால் பள்ளியில் நாங்கள் பென்சிலைச் சின்னத் தகரக் கூராக்கியில்தான் திருகுவோம். முத்திரை குத்திய கடிதம் ஒன்றில் துரை கையெழுத்துப் போட்டு ஒரு கத்தியைக் கேட்கிறார் என்றால், அது பென்சில் சமாசாரமாக இருக்கும் என்று நினைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்று எனக்குப் பட்டது. போய்க் கேட்டுவிட்டு வரலாம்தான். ஆனால் வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தவன் போய் இன்னொருவனிடம் அர்த்தம் கேட்பதா என்று இருந்தது.

ஆகவே நூலகத்துக்குப் போனேன். இரண்டு மாலைகள் கலைக்களஞ்சியத்தில் கத்தியைப் பற்றிப் படித்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு நான்கு வகைகளைப் படத்தோடு எழுதிக்கொண்டேன். முதலாவது, இரு பக்கமும் சரிந்து நடுவில் கூடும் ஈட்டிமுனை. இரண்டாவது, முதுகை நுனியில் வெட்டி மேல்நோக்கிச் சீவிய முனை. பார்க்கவே பயமாக இருக்கும். மூன்றாவது, முனையே இல்லாதது. வெட்டும் பக்கம் அடிமட்டம் போல் நேராக இருக்கும். முதுகு வளைந்து வந்து அதோடு சேரும். ஆட்டின் கால்போல் இருப்பதால் ஆட்டுக்கால் என்று பெயர். நான்காவது, செடி கொடி அறுக்க வளைந்த கொக்கிமுனை. ஒவ்வொன்றுக்கும் நேரே பயன், குறை என்று எழுதினேன். பொதுவான காரியங்களுக்கு ஈட்டிமுனையே சிறந்தது என்று புத்தகம் சொல்லியிருந்ததால் அதன் கீழ் இரண்டு கோடு போட்டேன். நோட்டுப் புத்தகத்தையும் பாய் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பாய் கடை சிராங்கூன் ரோட்டில் இருந்தது. பூட்டு, டார்ச் லைட், குடை, கத்தரிக்கோல் எல்லாம் விற்பார். மடக்குக்கத்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் சிவப்புத் துணியின்மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நான்கு வகையையும் விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவரும் அதே நான்கையும் எடுத்துப் போட்டார். அவரிடம் அவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. ஈட்டிமுனைக்கு வேப்பிலை. முதுகு வெட்டியதற்குத் துரைமூக்கு. கொக்கிக்குக் கிளிமூக்கு. ஆட்டுக்காலுக்கு மட்டும் அவரும் ஆட்டுக்கால் என்றே சொன்னார். அதைக் கேட்டதும் கலைக்களஞ்சியத்தின்மேல் அப்பாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சித்தப்பா பஸ் கண்டக்டர். வாரம் தவறாமல் குதிரைச் சண்டைப் படம் பார்ப்பவர். அவர் கை நேராகத் துரைமூக்குக்குப் போயிற்று.

"கத்தின்னா எடுத்தவுடனே எதிர்ல இருக்கறவனுக்கு ஒரு மரியாதை வரணும்லா" என்றார்.

"எதிர்ல யாருடா இருக்கப் போறா? துரைதான் இருப்பாரு" என்றார் அப்பா.

"அவருக்குத்தான் மொதல்ல வரணும்."

அப்பா அந்தக் கத்தியைத் தொடவே மறுத்துவிட்டார். அந்த வருஷங்களில் குண்டர் கும்பல்களின் தொல்லை அதிகம். இளவட்டங்களைப் போலீஸ் தெருவில் நிறுத்திச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தது. கூர்முனையோடு ஒருவன் அகப்பட்டால் விசாரணை இல்லாமலே அவன் முகத்தில் குண்டன் என்று எழுதி ஒட்டிவிடுவார்கள் என்பது அப்பாவின் எண்ணம். இது தவிர அவருக்கு ஒரு கிட்டங்கிக் காரணமும் இருந்தது. அவர் கூட்டத்தில் ஒருவன் முனைக்கத்தியால் மூட்டைக் கயிற்றை அறுக்கப்போய்ச் சாக்கையும் சேர்த்துக் கிழித்து, அரிசி முழுவதும் தரையில் கொட்டி, ஒரு வாரக் கூலி போயிற்று. உலகத்தில் எந்த வேலையாக இருந்தாலும் ஒன்றுக்குள்ளே இன்னொன்று இருக்கும் என்று அப்பா நம்பினார்.

"வெளியில இருக்கறது அறுபடணும். உள்ள இருக்கறது அறுபடக் கூடாது. அவ்வளவுதான் வேலை. அதுக்கு ஆட்டுக்கால்."

முடிவெட்டும் அண்ணனுக்கு வடிவத்தைப் பற்றிக் கவலையே இல்லை. முனை எப்படி இருந்தாலும் பதம்தான் பேசும் என்பார். அவர் என் இடது கையைப் பிடித்து நீட்டி, ஒவ்வொரு கத்தியாகத் திறந்து முன்கை ரோமத்தில் ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். வேப்பிலை பாதியில் நின்றது. துரைமூக்கு இழுத்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆட்டுக்கால் சத்தமில்லாமல் ஒரு விரல் அகலத்துக்கு வழித்துக்கொண்டு போயிற்று. கிளிமூக்கைக் காட்டியபோது நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கடையை விட்டு இறங்கும்போது என் முன்கையில் மூன்று பட்டை போட்டிருந்தது. இரண்டு அரைகுறை, ஒன்று பளிச்சென்று.

பாய்க்குத் தேநீர் வந்தது, எங்களுக்கும் வந்தது. பேச்சு முடியவில்லை. பாம்பு வந்தால் முனை இல்லாமல் என்ன செய்வான் என்று சித்தப்பா கேட்டார். அலுவலகத்தில் பாம்பா என்று பாய் கேட்டார். நிலத்தை அளக்கக் காட்டுக்குள் கூட்டிப்போனால் என்றார் சித்தப்பா. பாம்பு வந்தால் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவான், எந்த முனையாக இருந்தால் என்ன என்றார் அண்ணன். கடைசியில் எல்லாரும் பேசிக் களைத்தபின் அப்பா என்னைப் பார்த்தார்.

"படிச்சவன் நீ. நீ சொல்லு."

என் நோட்டுப் புத்தகத்தில் ஈட்டிமுனையின் கீழ் இரண்டு கோடு இருந்தது. ஆனால் அப்பாவின் கையில் ஆட்டுக்கால் இருந்தது. அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். மூட்டைக் கொக்கி தவிர வேறு ஓர் ஆயுதத்தை அவர் அவ்வளவு நேரம் பிடித்து நான் பார்த்ததில்லை. பிடி கறுப்புக் கொம்பு, அலகு என் நடுவிரல் நீளம். விலை மூன்று வெள்ளி அறுபது காசு.

ஆட்டுக்கால் என்றேன். நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஐந்து காசு எலுமிச்சம்பழம் ஒன்றை முன்னால் வைத்தாள். நறுக்கினேன். இரண்டு பாதியிலும் குங்குமம் தடவி வாசலில் வைத்தாள். அதற்கப்புறம் கத்தியால் எதையும் வெட்டவிடவில்லை. பரீட்சைக்கு முன் பதம் போய்விடும் என்றாள். பதினொரு நாள் அது என் சட்டைப்பையில் கிடந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறப்பேன், மூடுவேன். சித்தப்பா வந்தால் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா மூக்கு இல்ல என்பார்.

எங்கள் அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு நாள்காட்டிகள் தொங்கின. ஒன்று ஆங்கில மாதத்தாள், அது என்னுடையது. அதில் பரீட்சை நாளைச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தேன். மற்றது நாள் கிழிக்கும் தமிழ் நாள்காட்டி; அது அம்மாவுடையது. திதி, நல்ல நேரம் எல்லாம் அதைக் காட்டித்தான் அவள் படிக்கத் தெரிந்த கிழவி ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். நான் தமிழ் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு ஆங்கிலத் தாளில் சிவப்பு வட்டம் மட்டும்தான் புரியும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஒன்பதடி இருந்தது. அந்த ஒன்பதடியை யாரும் நடந்து பார்க்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை நூலகத்துக்குப் போயிருந்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு போனதில் கத்தி பழைய சட்டையிலேயே இருந்துவிட்டது. திரும்பி வந்தபோது அறையின் மூலையில் பலகை போட்டு அம்மா பூசை செய்து முடித்திருந்தாள். என் பள்ளிப் புத்தகங்களெல்லாம் அடுக்காக இருந்தன. மேலே சிவப்புத் துணி, மல்லிகைச் சரம், சாம்பிராணி மணம். என் பரீட்சைக்காக வைத்த பூசை என்று நினைத்து விழுந்து கும்பிட்டேன், சுண்டல் தின்றேன், படுத்துவிட்டேன்.

காலை ஏழரைக்குச் சட்டைப்பையைத் தடவினேன். கத்தி இல்லை.

"அம்மா, கத்தி?"

"பூசையில இருக்கு."

துணியைத் தூக்கிப் பார்த்தேன். புத்தகங்களுக்கு முன்னால் அப்பாவின் மூட்டைக் கொக்கி, எனக்காக மேஸ்திரி கொடுத்த கொக்கி, அரிவாள்மனை, தேங்காய் துருவி, கத்தரிக்கோல், சித்தப்பாவின் டிக்கெட்டில் துளை போடும் கருவி. எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தனப் பொட்டோடு, ஆட்டுக்கால்.

அன்று ஆயுதபூசை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயுதபூசையில் வைத்த கருவியை அன்று முழுவதும் தொடக்கூடாது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுத்து, அதனால் ஒரு வேலை தொடங்கவேண்டும். வருஷத்தில் ஒரு நாள் கருவிக்கு ஓய்வு. பள்ளியில் படித்த காலமெல்லாம் இது எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை. புத்தகத்தைத் தொடாதே என்று அம்மாவே சொல்லும் நாள் அது ஒன்றுதான்.

"இன்னிக்குத்தானேம்மா எனக்குப் பரீட்சை."

"அதனாலதான் வச்சேன். பரீட்சை அன்னிக்குச் சரஸ்வதி காலடியில இருக்கறதைவிட வேற என்ன வேணும்?"

"கத்தி என் கையில இருக்கணும்மா. கடிதத்துல போட்டிருக்கு."

"நீ போய் எழுது. அது இங்கயிருந்து பாத்துக்கும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு அன்று வேலை இல்லை. கொக்கி பூசையில் இருக்கும் நாளில் அவர்கள் கூட்டமே இறங்காது. அவர் பலகையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை வெளியே வரச்சொல்லி மாடிப்படியில் நின்று தணிந்த குரலில் சொன்னார்: "அதைத் தொட்டேன்னா உங்கம்மா நாளைக்கு வரைக்கும் பேச மாட்டா. பேசினா அதைவிடக் கஷ்டம். வா, வேற பாப்போம்."

முதலில் முடிவெட்டும் கடைக்குப் போனோம். கடை மூடியிருந்தது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே சவரக்கத்திகள் விசிறிபோல விரித்து வைக்கப்பட்டு ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. பூக்கடையில் நார் கிழிக்கும் கத்தியும் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தது. வாழையிலைக்காரர் அன்றைக்கு இலையை முதல் நாளே அறுத்து வைத்துவிட்டார். பாய் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும், பரீட்சை ஒன்பதுக்கு. எங்கள் பேட்டையான தேக்காவில் தமிழர் கையில் அன்று காலை ஓர் அலகு இல்லை.

சீனர்கள் இருந்தார்கள். வாத்துக்கறிக்காரர் தன் அகலக் கத்தியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது மடக்குக்கத்தி இல்லை என்பது ஒருபுறம், அதை நான் பஸ்ஸில் கொண்டு போயிருந்தால் பரீட்சை வேறோர் இடத்தில் நடந்திருக்கும். கரும்பு சீவுகிறவரிடம் ஒரு சின்னக் கத்தி இருந்தது. நான் கையை நீட்டினேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"முனை இருக்கு."

"அப்பா, மணி எட்டு."

"மணி எட்டுன்னா முனை போயிடுமா? ஆட்டுக்கால்னு சொன்னது நீதானே?"

அன்னாசிப்பழ வண்டிக்காரியிடம் அது கிடைத்தது. அன்னாசியின் கண்களைச் சுற்றிச் சுற்றி வரிசையாகக் கீறி எடுக்கும் கத்தி. மரப்பிடி, குட்டை அலகு, நேரான வாய், முனை கிடையாது. மடங்காது. ஆனால் வடிவம் அச்சு அசல் ஆட்டுக்கால். அப்பா அதைப் பார்த்து நின்ற நிற்பில், பாய் கடையில் அவர் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பா மலாயில் கேட்டார். மலாயில் பீசாவ் என்றால் கத்தி. அதைப் பகலுக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பீசாவ் உன்னிடம் இருந்தால் நான் இந்தப் பழத்தை எல்லாம் பல்லால் தோலுரிப்பேனா என்று கேட்டாள். வாடகை தருகிறேன் என்றார் அப்பா. வாடகையைப் பழத்துக்குச் சாப்பாடாகப் போடுவேனா, அது சாயங்காலத்துக்குள் அழுகிவிடும் என்றாள். பேச்சு எட்டேகால் வரைக்கும் நடந்தது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்த முடிவு அவளுடைய பக்கத்திலிருந்து பார்த்தால் மிகவும் நியாயமானது. கத்தி வேண்டுமென்றால் வண்டியில் உள்ள பழம் முழுவதையும் வாங்கிக்கொள்ளவேண்டும். இருபத்தேழு பழம், பழம் இருபது காசு. ஐந்து வெள்ளி நாற்பது காசை அப்பா எண்ணி வைத்தார்.

பஸ்ஸுக்கு நேரமில்லை. அலுவலகம் புக்கிட் தீமா ரோட்டில் ஐந்தாவது மைலில் இருந்தது. அப்பா ஒரு டாக்சியை நிறுத்திக் காசைக் கொடுத்து என்னை மட்டும் ஏற்றிவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் டாக்சியில் ஏறியதில்லை. கத்தியைச் சீன நாளிதழில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டுநர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு, பழம் வாங்கினாயா என்று கேட்டார். மீட்டர் ஒரு வெள்ளி அறுபதில் நின்றது.

உயரமான மேசைகள் ஆறு, தலைக்குமேல் மின்விசிறி. மற்ற ஐந்து பேரும் பளபளவென்ற மடக்குக்கத்திகளை மேசைமேல் வைத்திருந்தார்கள். ஒன்றின் பிடியில் முத்துச்சிப்பி பதித்திருந்தது. இரண்டு துரைமூக்கு, மூன்று வேப்பிலை என்று எண்ணிக்கொண்டேன். நான் செய்தித்தாளைப் பிரித்தேன். அறை முழுவதும் அன்னாசி மணத்தது.

தலைமை வரைவாளரான வெள்ளைக்காரர் ஆளுக்கு ஒரு பென்சில் கொடுத்தார். கத்தியால் சீவவேண்டும், கரி அரை அங்குலம் வெளியே தெரியவேண்டும், ஊசிபோல் இருக்கவேண்டும் என்றார்.

பென்சில்தான்.

மூன்று வார யோசனை, கலைக்களஞ்சியம், பாம்பு, போலீஸ், அரிசி மூட்டை எல்லாம் ஒரு கணம் என் முன்னால் வந்து நின்றன. பிறகு சீவ ஆரம்பித்தேன். அன்னாசிக் கத்தி என்ன அழகாகச் சீவியது தெரியுமா? நேரான வாய் மரத்தோடு படிந்து மெல்லிய சுருள் சுருளாக எடுத்தது. வெளியே இருந்தது அறுபட்டது, உள்ளே இருந்தது அறுபடவில்லை. முத்துச்சிப்பிக்காரன் இரண்டு தடவை கரியை உடைத்துவிட்டு மறு பென்சில் கேட்டான்.

அடுத்தது ஒரு சாக்கடையின் குறுக்குத் தோற்றத்தை நகல் எடுக்கவேண்டும். பாதிப் படம் போனதும், பிசுபிசுத்த என் விரல் பட்ட இடத்தில் ஓர் எறும்பு வந்தது. ஊதினேன். கூட்டத்தோடு திரும்பி வந்தது. அவை சாக்கடையின் இடது கரையோரமாக ஒழுங்காக வரிசை பிடித்துப் போயின. அப்போதுதான் வெள்ளைக்காரர் என் பின்னால் வந்து நின்றார். எறும்பைப் பார்த்தார், என் முன்கையின் மூன்று பட்டைகளைப் பார்த்தார், கத்தியை எடுத்து முகர்ந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்குத் தெரியாது. எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையையும் உபயோகித்து, ஆயுதபூசையை முதலிலிருந்து விளக்கினேன். என் தகுந்த கத்தி வீட்டில் இருக்கிறது, ஆனால் இன்று அதற்கு விடுமுறை என்றேன். மற்ற ஐந்து பேரும் வரைவதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அளவுச் சங்கிலிக்குமா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பின்பக்கம் கிடங்குக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்து காட்டினார். நிலம் அளக்கும் சங்கிலிக்கு மாலை போட்டிருந்தது. சிவப்பு வெள்ளைக் கம்புகள் ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். மூன்று காலில் நிற்கும் அளவுக்கருவியின் பெட்டி முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம். அவருடைய சங்கிலி ஆட்கள் எட்டுப் பேரும் தமிழர்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் இப்படிக் காணாமல் போய்விடுகிறார்கள், கேட்டால் சாமி என்கிறார்கள், அதற்குமேல் அவருக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது.

எப்போது திரும்பத் தொடுவார்கள் என்று கேட்டார். நாளைக் காலை, கற்பூரம் காட்டிய பிறகு என்றேன். அடுத்த வருஷம் எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டார். அம்மாவின் நாள்காட்டி இருக்கிறது என்றேன். சட்டைப்பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

பகலில் கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வண்டிக்காரி காலி வண்டியின் நிழலில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து கத்தியை வாங்கித் துடைத்துக்கொண்டு, இந்தச் சாமி மறுபடி எப்போது வரும் என்று அவளும் அதையே கேட்டாள்.

இருபத்தேழு அன்னாசியும் அதற்குள் அப்பாவின் தோளில் வீடு வந்து பூசைப் பலகையின் முன்னால் மூன்று வரிசையாக நின்றன. அவற்றை நறுக்க முடியாது. நறுக்கவேண்டிய கருவி எல்லாம் பலகைமேல் இருந்தன. மாலையில் கும்பிட வந்தவர்கள், பையன் வேலைக்காக இவ்வளவு பெரிய படையலா என்று அசந்துபோனார்கள். அம்மா மறுக்கவில்லை. மறுநாள் காலை கற்பூரம் காட்டி ஆட்டுக்காலை எடுத்து என் கையில் கொடுத்தாள். படிப்பையோ பென்சிலையோ தொடங்கவில்லை, அன்னாசியில்தான் தொடங்கினேன். பதினேழாவது பழத்தில் அதன் ஆணி ஆட்டம் கண்டது.

அன்று பகலில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் பேரன் பிறந்த சந்தோஷத்தோடு வந்து சேர்ந்தார். அவருக்கு இரண்டு தட்டு அன்னாசி போயிற்று. ஏன் தம்பி இவ்வளவு பழம் என்று கேட்டார். நான் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான்கு வரியையும் படித்தார்.

"உது பென்சில் சீவத்தானே, தம்பி. ஒரு சவர பிளேட் காணும், அதுவே போதும். நான் இருபது வருசமா அதுதான் வச்சிருக்கிறன். பத்துச் சதம்."

அப்பா இன்னொரு துண்டு அன்னாசியை எடுத்து மெதுவாகத் தின்றார். சித்தப்பா கேட்டார்: "பிளேடுக்கு மூக்கு உண்டா?"

பத்தாம் நாள் வேலை உத்தரவு வந்தது. நான்கு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். என் கோடு நன்றாக இருந்ததா, சங்கிலிக்குப் பதில் சொன்னது நன்றாக இருந்ததா என்று இதுவரை நான் கேட்கவில்லை. உத்தரவைப் படித்துக் காட்டியதும் அப்பா எழுந்து போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய என் கொக்கியை எடுத்து மேஸ்திரியிடம் கொடுப்பதற்காகத் துண்டில் சுற்றிவைத்தார். பிறகு என் எதிரில் உட்கார்ந்து, அந்த நோட்டுப் புத்தகத்தை எடு என்றார். நான்கு வகைக் கத்திகளின் படத்துக்குக் கீழே இடம் இருந்தது.

"தகுந்த கத்தின்னு எழுது. அதுக்கு நேரா மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு போடு. டாக்சியையும் விட்டுடாதே. எலுமிச்சம்பழத்தையும்."

எழுதினேன். பத்து வெள்ளி அறுபத்தைந்து காசு.